குஞ்சியப்பாவோடு கட்டிய மௌனப் பந்தயம்

என் வாய்க்கு ஓய்வு என்றால் நித்திரையில்தான் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நித்திரையிலும் இவள் கதைக்கிறாள் என்பது அண்ணனின் முறைப்பாடு. அப்பேர்ப்பட்ட என்னோடு போய்க் குஞ்சியப்பா ஒரு பந்தயம் கட்டினார், பாருங்கள். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஊமையாகிவிடும்; அதிலிருந்து பெரிய சனியன்று மணி திரும்ப அடிக்கும்வரை வாயே திறக்கக் கூடாது. முதலில் கதைக்கிறவர் தோற்றவர். நான் தோற்காமல் இருந்தால், உயிர்ப்புத் திருநாள் கழிந்த திங்கட்கிழமை என்னைத் தன் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்.

வள்ளம்! உங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. மன்னார்த் தீவில், அதுவும் எங்கள் கரையில், பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் கால் வைத்தால் மீன் படாது என்று சொல்லி விரட்டுவார்கள். அண்ணன் ஏறலாம், பெரியப்பாவின் பெடியள் ஏறலாம், நான் மட்டும் கரையில் நின்று கை காட்ட வேண்டும். அந்த அநியாயத்தை நினைத்து நான் அழாத கிழமை இல்லை.

எங்கள் வீடு ஒரு கூரைக்குக் கீழே மூன்று குடும்பம். பெரியப்பா வீட்டார் ஒரு பக்கம், நாங்கள் நடுவில், கிணற்றடிப் பக்கம் மாமி வீட்டார். மூன்று குசினி, மூன்று புகை. கடலைப் பார்த்த கடைசி அறையில் குஞ்சியப்பா, அப்பாவின் தம்பி, கலியாணம் கட்டாதவர். பெரிய வெள்ளியன்று கோயிலடியில் பாஸ் காட்டுவார்கள். மரத்தில் செய்த ஆளுயரச் சொரூபங்களைக் கயிறு கட்டி அசைத்து, ஆண்டவர் பாடுபட்ட கதையை நடத்திக் காட்டுவது. சிலுவையில் ஆண்டவரின் தலை சாய்கிற அந்தக் கயிற்றைப் பல வருசமாக இழுத்தவர் குஞ்சியப்பா. ஒரு வருசம் பங்குச் சாமியார் கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். அதோடு குஞ்சியப்பா, பெரிய கிழமையில் கோயில் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வியாழன் காலை அறைக்கதவைச் சாத்தினால் சனிக்கிழமை மணி அடித்த பிறகுதான் திறப்பார். பேச்சில்லை, சாப்பாடில்லை, மத்தியானம் வாசலில் வைக்கிற ஒரு கோப்பைக் கஞ்சிதான். சாமியாருக்கே தவம் படிப்பிக்கிறார் என்று பெரியப்பா சொல்லிச் சிரிப்பார்.

வியாழன் காலை மணி ஓயுமுன், கதவைச் சாத்தப்போன குஞ்சியப்பா என்னை ஒருதரம் பார்த்தார்.

"எடி வாயாடி, கடல் வத்தினாலும் உன்ர வாய் வத்தாது. இப்பவே தோத்திட்டன் எண்டு சொல்லன்."

"பாப்பம், குஞ்சியப்பா! நீங்கள் தோத்தா அழக்கூடாது."

"ஓம், சரி. முதல் கதைக்கிறவர் தோத்தவர்."

அவ்வளவுதான். கதவு சாத்தியாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் படாத பாடு பட்டேன். அண்ணன் கிள்ளினான். மாமியின் மகள் என் பாவாடைக்குள் நண்டுக்குஞ்சு விட்டாள். ஐயோ என்று ஒரு வார்த்தை வெளியே வரவேண்டுமே! தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கினேன். இவளுக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தா.

வாயைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, குஞ்சியப்பாவைக் கதைக்க வைக்கவும் வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மத்தியானம் அவருடைய யன்னலுக்குக் கீழே கல்லை வைத்து ஏறினேன். சாய்மனைக் கதிரையில் செபமாலையோடு இருந்தார். கண்ணை உருட்டினேன், மூக்கைச் சுருக்கினேன், குரங்குபோல் சொறிந்தும் காட்டினேன். அவர் வயிறு குலுங்கியது. சிரிப்பு வெடிக்கப்போகிறது, வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். மனுசன் விடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு விரலை ஆட்டி என்னைப் போகச் சொன்னார்.

பின்னேரம் எல்லாரும் பாஸ் பார்க்கப் புறப்பட்டோம். குஞ்சியப்பாவின் கதவடியில் கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதைக் கண்ட பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

"இந்தமுறை கஞ்சியும் விட்டிட்டார். கடுந்தவம்."

"தட்டிக் கேப்பமோ?" என்று அம்மா இழுத்தா.

"வேண்டாம் மச்சாள், குழப்பினா எங்களுக்குத்தான் பாவம்" என்று மாமி தடுத்துவிட்டா.

அப்பா கோயிலடியில் நின்ற அத்தனை பேருக்கும் தன் தம்பி பச்சைத் தண்ணியும் குடியாமல் தவமிருக்கிற கதையைச் சொல்லி முடித்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்த பெருமை. பாஸில் ஆண்டவரின் தலை சாய்ந்தபோது ஊரே ஓவென்று அழுதது. நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அழுதாலும் சத்தம்தானே, யார் கண்டார்!

திரும்பி வந்ததும் யன்னலுக்கு ஓடினேன். குஞ்சியப்பா அதே கதிரையில், முகம் கடல் பக்கம் சாய்ந்திருக்க, அசையாமல் இருந்தார். இந்தமுறை நாக்கை நீட்டினேன், காதைப் பிடித்து ஆட்டினேன். ஊகூம். அசைவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரன்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். போட்டி என்றால் இப்படி ஒருவரோடுதான் போட வேண்டும்.

அந்த நாளில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச வருசம்தான், பெரிய சனிக்கு இப்போதுபோல இராப்பூசை கிடையாது. காலைப் பூசையிலேயே மணி அடித்துவிடும். பெரியவர்கள் கோயிலுக்குப் போக, அம்மா குசினியில் நின்றா. நான் குஞ்சியப்பாவின் கதவில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மணி அடித்தது! அடைத்து வைத்த அத்தனை பேச்சும் ஒரேயடியாகக் கொட்டியது. "குஞ்சியப்பா! மணி அடிச்சிட்டுது! நான் தோக்கேல்ல! திங்கக்கிழமை வள்ளம்! கதவைத் திறவுங்கோ!" உதைத்தேன், பாடினேன், ஆடினேன். பதில் இல்லை. "அம்மா, மணி அடிச்சதும் தெரியாமல் குஞ்சியப்பா நித்திரை!" என்று கத்தினேன். அம்மா கரண்டியோடு வந்து கதவைத் தள்ளினா. பிறகு அவ வைத்த கூச்சலில் கோயிலால் வந்துகொண்டிருந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

உயிர்ப்புக்கு அடித்த மணி ஓய்ந்து கொஞ்ச நேரத்திலேயே துக்கமணி விட்டு விட்டு அடித்தது. வீடு நிறையச் சனம். குஞ்சியப்பா செத்துப்போனார் என்று அண்ணன் வந்து சொன்னான். எனக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. எனக்கு வேறு கணக்கு இருந்தது.

ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்து, உயிர் வெள்ளிக்கிழமையே போய்விட்டது என்று சொல்லிக் கதிரையில் இருந்தார்.

"கடைசியா இவரோட கதைச்சது ஆர்?"

பெரியம்மா மாமியைப் பார்த்தா. மாமி அம்மாவைப் பார்த்தா. அம்மா நிலத்தைப் பார்த்தா. பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான்! வியாழக்கிழமை."

"என்னம்மா சொன்னவர்?"

"முதல் கதைக்கிறவர் தோத்தவர் எண்டு சொன்னவர். நான் மணி அடிச்ச பிறகுதான் கதைச்சனான். அதால திங்கக்கிழமை என்னை வள்ளத்தில ஏத்தோணும்."

அப்பா என்னைப் பிடித்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டார். "பிள்ளை, குஞ்சியப்பா..." என்று தொடங்கி, என் தலையைத் தடவினார்.

அப்பாவுக்கு இவ்வளவு லேசான விசயம் விளங்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. நானே சொல்லிக்கொடுத்தேன்.

"ஆண்டவரும் வெள்ளிக்கிழமைதானே செத்தவர், அப்பா? நாளைக்கு எழும்பிடுவார். வள்ளம் திங்கக்கிழமைதானே."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மாமியும் நிறுத்திவிட்டா. ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் ஓம் என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் கையை உதறிவிட்டு, அண்ணனை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். வள்ளத்தில் நான் இருக்கப்போகிற இடத்தை அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது.