கூடத்தின் நடுவில் ஒரு கம்பி

தேனியில் பவானியின் தையல் கடையில் யாராவது தன் தம்பியைக் குறை சொல்லிவிட்டால் போதும், அவள் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். "எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், கேளுங்க" என்று தொடங்கினால், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் படி இறங்க முடியும்.

அவளுடைய தம்பி விஜய்பாண்டிக்கு வயது முப்பத்து நான்கு. அனுமந்தன்பட்டியில் அம்மா மொக்கம்மாளோடு இருக்கிறான். தேனிக்கும் குமுளிக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வு நாள்தான் வீட்டுக்கு ஆகாத நாள் என்பாள் மொக்கம்மாள். அன்றைக்குத்தான் அவன் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கும். கூடத்துச் சுவருக்கு மஞ்சள் அடிக்கத் தொடங்கி ஜன்னல் வரைக்கும் வந்தான். மூன்று வருடமாக மஞ்சள் அந்த ஜன்னலிலேயே நிற்கிறது. திராட்சைப் பெட்டிப் பலகையை இழைத்து அழகான அலமாரி செய்தான், கதவு மட்டும் இன்னும் வரவில்லை. டிரில்லிங் மிஷின் வாங்கி ஒரே ஒரு துளை போட்டான். அதில் காலண்டர் தொங்குகிறது.

பவானி அதற்கு நேர்மாறு. படித்தது எட்டாம் வகுப்புதான், ஆனால் டேப்பைக் கழுத்தில் போட்டால் ஒரு நூல் பிசகாது. எந்த அளவையும் இரண்டு முறை எடுப்பாள், நோட்டில் எழுதிய பிறகு மூன்றாம் முறை சரிபார்ப்பாள். "மாப்ளயவும் மூணு தடவ அளந்து பாத்துத்தான் கட்டுனியாக்கா?" என்று தம்பி சீண்டுவான்.

போன ஆவணியில் மொக்கம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது இடது காலுக்குப் பாதி பலம்தான் திரும்பியிருந்தது. இடது கையில் முழங்கைக்குக் கீழே பலம் வரவேயில்லை. வலது கைக்கு ஒரு பிடி கிடைத்தால் மெல்ல நடப்பாள். பிடி இல்லையென்றால் இரண்டாவது அடியிலேயே இடது பக்கம் சாய்ந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மொக்கம்மாளின் தம்பி சின்னச்சாமி பேச்சை எடுத்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"மாப்ள வண்டிக்குப் போயிட்டா அக்காவ யாரு பாக்குறது? தேனியில பவானி வீட்டுலயே இருக்கட்டும்."

பவானியின் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. மொக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாடியில கொண்டுபோயி வைக்க நான் என்ன மோர்மொளகாயா? என் வீட்டுல என் அடுப்படிக்கு நானே போயி ஒரு வாய் காப்பி போட்டுக் குடிச்சாப் போதும். அது முடியலைன்னா எங்கன வேணாலும் தூக்கிட்டுப் போங்க."

விஜய்பாண்டி வாயைத் திறந்தான். "ஒரு மாசம் குடுங்க மாமா. அம்மா தானா நடமாடுற மாதிரி வீட்ட மாத்திக் காட்டுறேன்."

சின்னச்சாமி அந்த மஞ்சள் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "முழுசாவா மாப்ள, இல்ல சன்னல் வரைக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பவானியும் சிரித்தாள். சிரித்தது பிற்பாடு அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் அன்று மாலையே அம்மாவின் ஆறு சேலைகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். தம்பி முடிக்கமாட்டான் என்றுதான் அவளும் நினைத்தாள். அந்த ஒரு மாசம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளே அங்கே தங்கினாள்.

ஆனால் அளவெடுப்பது என்று வந்துவிட்டால் பவானிக்குச் சும்மா இருக்க முடியாது. அம்மாவை நிமிர்ந்து நிற்க வைத்து, தரையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்தாள். முப்பத்தொன்றரை அங்குலம். கட்டிலிலிருந்து கூடத்தின் வழியாக அடுப்படி வாசல் பதினாலு அடி. நோட்டில் எழுதி, மூன்றாம் முறையும் பார்த்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

அவன் முதலில் குளியலறையை முடித்தான். சின்ன இடம், இரண்டு பக்கமும் பிடி வைத்துவிட்டான். அடுத்து அடுப்படி. பணியாரச் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் பணியாரத்தைத் திருப்ப வேண்டும். மொக்கம்மாளுக்கு அந்த மறு கை இல்லை. அவன் கெட்டிக் கம்பியை வளைத்து, சட்டி அசையாதபடி அடுப்பின் மேல் ஒரு அணைப்பு செய்தான். கையால் பிடிக்காமல் வெங்காயம் நறுக்க, ஒரு பலகையில் இரண்டு ஆணிகளைத் தலைகீழாக அடித்து வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினான். பவானி அந்தப் பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஆணித் தலைகள் மரத்தோடு மட்டமாக அமுங்கியிருந்தன, கையில் ஒரு சிலாம்பு ஏறாத அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். அன்றைக்குத்தான் தம்பியை நினைத்து அவளுக்கு முதன்முதலாக நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசியாகக் கூடம். வலது கைப் பக்கச் சுவரில் கட்டில் முதல் அடுப்படி வரைக்கும் இரும்புக் குழாய் பொருத்த வேண்டும். மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். துளை போட்டால் மண் கொட்டியது. இடம் மாற்றி மாற்றி ஒன்பது துளை போட்டு ஒருவழியாகக் குழாயை நிறுத்தினான்.

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. சின்னச்சாமி பார்க்க வந்தார். மொக்கம்மாள் குழாயைப் பிடித்து எழுந்தாள். அடி மேல் அடி வைத்து, யாரும் தொடாமல் அடுப்படி வாசலுக்குப் போய்விட்டாள். பவானிக்குக் கண் கலங்கியது.

போனவள் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

குழாய் இப்போது அவளுடைய இடது கைப் பக்கம் இருந்தது. வலது கை காற்றில் எதையோ தேடியது.

"ஏலே விசயா, போறதுக்குக் கம்பி வச்சியே, வர்றதுக்கு எங்கடா?"

பவானி நோட்டைப் பிரித்தாள். 'போக 14 அடி' என்று அவள் கையெழுத்தே இருந்தது. மூன்று முறை சரிபார்த்திருக்கிறாள், மூன்று முறையும் போவதை மட்டும். ஒரு கைக்கு அளவெடுத்து ஒரு கையோடு சட்டை தைத்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்ச் சுவரிலாவது குழாய் போடலாம் என்றால், அங்கே பீரோவும் அறைக் கதவும் வாசல் கதவும்.

சின்னச்சாமி அக்காவைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் உட்கார வைத்தார். "ஞாயித்துக்கெழம கார் சொல்லிர்றேன் ஆத்தா பவானி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மொக்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

"தப்பு என் நோட்டுலதான்டா" என்றாள் பவானி.

"விடுக்கா" என்றான் அவன். மறுநாள் வண்டிக்குப் போனான்.

அதற்கு மறுநாள் காலையில் பவானி காபியோடு வந்து பார்த்தபோது, அவன் கூடத்தின் நடுவில் மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இடது கையைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் நாற்காலிகளைத் தடவியபடி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"என்னடா, விளையாட ஆள் கிடைக்கலையா?"

"அக்கா, நேத்துச் சின்னமனூர்ல கையில கட்டுப் போட்ட ஒருத்தர் ஏறுனாரு. நம்ம வண்டிப் படிக்கட்டுல நடுவுல ஒரு கம்பி இருக்குல்ல? ஏறும்போதும் அந்தக் கையாலதான் பிடிச்சாரு, எறங்கும்போதும் அந்தக் கையாலதான். பதினோரு வருசமா அந்தக் கம்பியில சாஞ்சுதான் டிக்கெட் போடுறேன், இப்பத்தான் கண்ணுல படுது. கம்பி சுவத்துல இருக்கக்கூடாதுக்கா. நடுவுல இருக்கணும். அம்மா போகையில இந்தப் பக்கம், வரையில அந்தப் பக்கம். ரெண்டு தடவயும் வலது கைதான்."

பவானி காபியை அப்படியே வைத்துவிட்டுத் தையல் சாக்பீஸை எடுத்துவந்தாள். கூடத்தின் அகலம் ஒன்பது அடி. நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டாள். போக அளந்தாள், வர அளந்தாள், இரண்டையும் எழுதினாள். அவன் சுவரிலிருந்த குழாயைக் கழற்றி, நான்கு கால் வைத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் தகடு வைத்துத் தரையில் முடுக்கினான். இரண்டு முனையையும் கை வழுக்கிக்கொண்டு திரும்பும்படி வளைத்துவிட்டான். சாயங்காலம் அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

கட்டிலிலிருந்து பார்த்த மொக்கம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "ரேசன் கடைக் கியூ மாதிரியில்ல இருக்கு."

இரும்பு சில்லென்று இருப்பதும் ஒரு குறைதான். பவானியிடம் கூடை பின்னும் வயர் மிச்சமிருந்தது. மறுநாள் தம்பி வண்டிக்குப் போன பிறகு உட்கார்ந்து, குழாய் முழுக்க அரக்கும் பச்சையுமாக நெருக்கிச் சுற்றினாள். வளைவு வரும் இடத்தில் மட்டும் மஞ்சள், கண் மங்கலாக இருந்தாலும் கை திரும்ப வேண்டிய இடம் தெரியட்டும் என்று. மிச்ச வயரில் ஒரு சின்னக் கூடையும் பின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னச்சாமி வந்தபோது தெருவில் கார் நின்றது. பவானி மடித்து வைத்த பை வாசலோரம் இருந்தது. கூடத்தில் அக்காவைக் காணோம்.

"எங்கன போனாக?"

அடுப்படியிலிருந்து கருப்பட்டி வாசம் வந்தது. கம்பி அணைப்புக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த சட்டியில் கடைசிப் பணியாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் மொக்கம்மாள். தூக்குச்சட்டியில் போட்டு மூடி, சின்னக் கூடையில் வைத்து, அதை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்தாள். வலது கை மஞ்சள் வளைவைத் தொட்டது.

சின்னச்சாமி பதறி ஓடிக் கையை நீட்டினார்.

"கைய எடுடா. வழிய மறிக்காத."

ஒரு அடி. இன்னொரு அடி. பச்சை, அரக்கு, பச்சை. பதினாலு அடியும் பவானி உதட்டுக்குள் எண்ணினாள். விஜய்பாண்டி அம்மாவைப் பார்க்கவில்லை, தரைத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு வந்து சேர்ந்த மொக்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

"கோயிலச் சுத்துற மாதிரியில்லடா இருக்கு. வலது கைப் பக்கமே சாமி வருது." கூடையைத் தம்பியிடம் நீட்டினாள். "தின்னுடா சின்னச்சாமி."

அவர் ஒன்றைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார். மூன்றாவதை எடுக்கும்போது, "கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். "மாப்ள, கட்டில் பக்கம் ஒரு மணியும் மாட்டிவிட்ரு. பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி" என்றார். அவன் அதையும் அன்றைக்கே மாட்டினான்.

பவானி பையைப் பிரித்தாள். ஆறு சேலைகளையும் பழைய மடிப்பிலேயே பீரோவில் அடுக்கினாள்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் அவள் கைபேசியில் காட்டுவது அன்றைக்கு எடுத்த படம். பச்சையும் அரக்குமாகக் கம்பி, அதன் மேல் அம்மாவின் கை, பின்னால் சுவரில் வரிசையாக ஒன்பது ஓட்டை. கவனமாகப் பார்ப்பவர்கள் ஓட்டையைப் பற்றிக் கேட்பார்கள்.

"அதுவா? அடுத்த லீவுல அடைக்கிறேன்னு சொல்லியிருக்கான்" என்பாள் பவானி, அதையும் ஒரு குறையாகச் சொல்லாத குரலில்.