சிங்கப்பூரில் ஒரு முழு நண்டு

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்து முடசல்ஓடையில் நண்டு கட்டுகிற ராணியம்மாளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதில் இருபது வருஷம் நண்டின் கொடுக்கை மடக்கிக் கயிறு போட்டே கழிந்துவிட்டது. உயிருள்ள சேற்று நண்டைக் காலால் மிதித்து, இரண்டு கொடுக்கையும் உள்ளே மடக்கி, கயிற்றைக் குறுக்கே இழுத்து ஒரு முடிச்சு. அவ்வளவுதான். அதுவரை ஊரையே கிள்ளத் துடித்த நண்டு, வாத்தியார் முன்னால் கைகட்டி நிற்கிற பையன் மாதிரி அடங்கிவிடும். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. அது எந்த நண்டின் வயிற்றுக்குப் போனதோ, அந்த நண்டு எந்த ஊர்க்காரன் வயிற்றுக்குப் போனதோ, யார் கண்டது.

கட்டிய நண்டை ஏஜெண்ட் வைத்திலிங்கம் எடை பார்த்துப் பிரிப்பார். முக்கால் கிலோவுக்கு மேல், இரண்டு கொடுக்கும் முழுசாக இருந்தால் முதல் ரகம். அது ஈரச்சாக்கு போட்ட பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து ஏரோப்பிளேனில் சிங்கப்பூர் போய்விடும். கால் போனது, கொடுக்கு உடைந்தது எல்லாம் ஒடசல். அதைக் கட்டுகிற பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆக, ராணியம்மாள் இருபது வருஷமாக நண்டு தின்றிருக்கிறாள், ஒரு முழு நண்டு தின்றதில்லை. நொண்டி, முடம், ஒற்றைக்கை. அவள் வீட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வார்டைத் திறந்த மாதிரி இருக்கும்.

2010-இல் மகள் சுவாதி பிளஸ் டூ தேறினாள். அன்றைக்கு ராணியம்மாள் முந்தானையில் காசு முடிந்துகொண்டு போய் ஏஜெண்டிடம் கேட்டாள்.

“அண்ணே, அந்தப் பெரிசுல ஒண்ணு குடுங்க. கம்பெனி ரேட்டே போட்டுக்குங்க, காசு எடுத்தாந்திருக்கேன்.”

வைத்திலிங்கம் வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பிவிட்டுச் சிரித்தார். “எக்ஸ்போர்ட் சரக்கும்மா அது. ஒனக்கு எதுக்கு? ஒடசல்ல நல்லதாப் பாத்து நாலு எடுத்துக்க.”

‘ஒனக்கு எதுக்கு’ என்பது கெளுத்தி முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. சோற்றை உருண்டை பிடித்து விழுங்கினாலும் இறங்குகிற முள் இல்லை அது. அன்றைக்கே முடிவு செய்தாள். அது எங்கே போகிறதோ அங்கேயே போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழு நண்டைத் தின்றுவிட்டு வருவது.

சிரிக்க வேண்டாம். ஆள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏலச்சீட்டில் எடுத்த முப்பத்தெட்டாயிரம் அவளிடம் இருந்தது. மினிபஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸையும் கிழித்து வைத்திருந்தாள்: ‘சிங்கப்பூர் ஷாப்பிங் – சாப்பாட்டுச் சுற்றுலா. நான்கு நாள். ரூ. 27,500 மட்டுமே.’ கீழே சிதம்பரம் மேல வீதி விலாசம்.

புருஷன் கோவிந்தசாமி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனால் கடலூர் முதுநகரிலிருந்து அவனுடைய அக்காள் தைலம்மாள் வந்து, “ஏன்டா சிரிக்கிற? ஃபாரின் சாமான் வாங்கியாந்து வித்தா டூரு காசு திரும்பி வந்துடும்டா” என்றதும் சிரிப்பு நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். சுவாதி தன் பழைய வேதியியல் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தாள்.

டூர் போக, பாஸ்போர்ட் ஆயிரம் போக, பை, செருப்பு, பஸ் என்று ஆயிரத்து ஐந்நூறு போக, மிச்சம் எட்டாயிரம்.

“கோடாலித் தைலம் மூணு டஜன் எழுதுடி” என்றாள் தைலம்மாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, நிமிர்த்தி, கடைவாய்ப் பல்லைக் குத்திக்கொண்டே பட்டியல் சொன்னாள். குத்தி எடுத்ததை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள்ளேயே அனுப்பினாள். “சென்ட் பாட்டிலு ஒரு டஜன். பூப்போட்ட போர்வ ரெண்டு.”

“ஒரு செல்ஃபோனு” என்றான் கோவிந்தசாமி. “அப்பறம் ஏர்போர்ட்டுல வரியில்லாம பாட்டிலு குடுப்பானாம். அது ரெண்டு.”

“நண்டு ஒண்ணு” என்றாள் ராணியம்மாள்.

டூர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு விலையை முன்னமே கேட்டு வைத்திருந்தாள். அறுபது டாலர். ரூபாயில் இரண்டாயிரம் சொச்சம்.

“ரெண்டாயிரமா? அதுக்கு தங்கத்துல கொடுக்கு வச்சிருக்கானா?” தைலம்மாளின் ஊக்கு பாதிப் பல்லில் நின்றது. “எம்மா ராணி, ஒம் பொழப்பே நண்டு. அங்கயும் போயி நண்டா?”

“நண்டு திங்க ஏரோப்பிளேன் ஏறுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றான் கோவிந்தசாமி.

“நண்டே ஏறுது. நான் ஏறக் கூடாதா?”

“ரெண்டாயிரத்துக்கு இன்னும் ரெண்டு டஜன் தைலம் வரும். அடிச்சிடு சுவாதி அத” என்று சொல்லிவிட்டு, தைலம்மாள் ஊக்கைப் புடவையில் துடைத்துப் பழைய இடத்திலேயே குத்திக்கொண்டாள்.

ராணியம்மாளுக்குக் குமட்டியது. செத்த நண்டின் நாற்றம், அழுகல் இறால், ஓடைச் சேறு எதற்கும் அசையாத வயிறு அது. ஓர் ஊக்குக்குப் புரண்டுவிட்டது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். வருவதற்குள் சுவாதி ரப்பரால் நண்டை அழித்திருந்தாள். தைலம்மாள் பட்டியலில் அந்த இடத்தில் தைலத்தை ஊற்றியிருந்தாள்.

அடுத்த ஒரு வாரம் பட்டியல் வளர்ந்தது. ஓடைத் தெருவே வந்துபோனது. இரண்டு வருஷமாகப் பேசாதவள் வந்து, “அக்கா, என் மருமவனுக்கு ஒரு பெல்ட்டு, இடுப்பு முப்பத்தாறு” என்று அளவு கொடுத்தாள். ஒருத்தி பவுடர் டப்பா கேட்டாள். காலி டப்பாவைக் கையோடு கொண்டுவந்து, “இதே வாசன வரணும்” என்று மூக்கில் திணித்துக் காட்டினாள். ஏரோப்பிளேனில் கொண்டுவர அனுமதி இருபது கிலோ. சுவாதி கூட்டிப் பார்த்தாள், முப்பத்தொன்று வந்தது. அந்த முப்பத்தொன்றில் ராணியம்மாளின் சாமான் என்று ஒரு ஹேர்பின்கூட இல்லை.

“காசும் என்னுது, கழுத்தும் என்னுது. சொமக்குறது மட்டும் ஊரோடதா? த்தூ” என்றாள். மறுநாள் காலை நோட்டையும் மகளையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு மினிபஸ் ஏறினாள்.

மேல வீதியில் ஒரு மாடிதான் டூர் ஆபீஸ். சுவரில் பெரிய ஏரோப்பிளேன் படம். அதன் இறக்கையில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. கலியமூர்த்தி என்ற ஆள், வழுக்கையை நாலு மயிரால் மறைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நக்கு. புரட்டிய பக்கத்தைப் “பாருங்கம்மா” என்று ராணியம்மாள் பக்கம் தள்ளினார். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“மொத நாளு காலைல இட்லி, பொங்கல். மத்தியானம் சாம்பார் சாதம், ரசம், அப்பளம். ராத்திரி சப்பாத்தி குருமா. ரெண்டாம் நாளு காலைல இட்லி...”

“சார், இது சிங்கப்பூருதான?”

“சிங்கப்பூரேதாம்மா. நம்ம தமிழ் ஓட்டல் புடிச்சி வச்சிருக்கேன். மத்த சாப்பாடு நம்ம ஆளுங்களுக்கு ஒத்துக்காது. போன தடவ ஒருத்தர் பஸ்ஸுலயே வாந்தி எடுத்துட்டாரு.” எடுத்த விதத்தையும் நடித்துக் காட்டினார்.

“சாப்பாட்டுச் சுற்றுலான்னு போட்டிருக்கீங்க?”

“சாப்பாடு இருக்கில்ல? பன்னெண்டு வேளை! ஒரு வேளைக்கி அஞ்சு டாலர் நான் ஓட்டலுக்குக் கட்டுறேன். வேற எவன் கட்டுவான்?”

“நண்டு?”

“அது சொந்தச் செலவு.” நக்கினார், புரட்டினார். தொப்பி போட்ட சமையல்காரன் ஒருவன் கட்டிய நண்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம். “இந்த மாரி இருக்கும்.”

ராணியம்மாள் குனிந்து பார்த்தாள். “இது இப்பத்தான் பழைய ஓட்டக் கழட்டிப்போட்ட நண்டு சார். வவுறு கண்ணாடியாட்டம் இருக்கு பாருங்க. உள்ள சதை இருக்காது, தண்ணிதான். எங்க ஏஜெண்டு இத ஒடசல்லகூட சேக்க மாட்டாரு. இதப் போயி படம் புடிச்சி ஏமாத்துறானுவ.”

கலியமூர்த்தி நாக்கில் வைத்த விரலை எடுக்காமலே படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இதற்குள் சுவாதி நோட்டின் ஓரத்தில் எதையோ எழுதி அம்மாவின் முழங்கையை இடித்தாள். பன்னிரண்டு பெருக்கல் ஐந்து. அறுபது.

நண்டின் விலை. ராணியம்மாள் அந்த எண்ணின் மேல் நகமில்லாத விரலை வைத்தாள்.

“சார், எனக்கு ஒங்க சாப்பாடு வேணாம்.”

“எந்த வேளை?”

“பன்னெண்டு வேளையும். அறுவது டாலர அங்க வச்சி எங் கையில குடுத்துடுங்க.”

“பேக்கேஜ்ம்மா இது! பிரிக்க முடியாது.”

“மீனு கூறு கட்டி வச்சாலே, இந்தக் கெழங்கான் வேணாம்னா எடுத்துட்டுத்தான தரோம்? இட்லிய எடுங்க.”

“நாலு நாளைக்கி என்னா திம்பீங்க?”

“அவலும் வெல்லமும் கட்டியாறேன். தண்ணி குடுப்பானில்ல, அந்த ஊருல?”

கலியமூர்த்தி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். கம்பெனி ரூல் என்றார். ராணியம்மாள் எழுந்தாள். “வா சுவாதி. நம்மள நம்பித்தான் தெருவுல இன்னும் மூணு பொம்பளைங்க டூருக்குப் பேரு குடுக்கறேன்னாளுவ. வேணாம்னு சொல்லிடலாம்.” படியில் மூன்றாவது படி இறங்கும்போது பின்னால் சத்தம் வந்தது. “அம்மா, அம்மா, இருங்க! உக்காந்து பேசுவோம்!”

இட்லி, பொங்கல், ரசம், அப்பளம், குருமா எல்லாவற்றையும் மொத்தமாக விற்று ஒரு நண்டு வாங்கியாகிவிட்டது. எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதிய தாளையும் அவர் ஒரு நக்கு நக்கித்தான் கிழித்தார். ராணியம்மாள் அதை அழுகல் இறாலைத் தூக்குகிற மாதிரி ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெயிலில் காட்டிக்கொண்டே வந்தாள்.

சேதி ஓடைக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. அறுபது டாலர் என்றதும், அதில் தைலம் எத்தனை வரும் என்று கேட்டுக் கடலூரிலிருந்து தைலம்மாள் ஃபோன் போட்டாள். ராணியம்மாள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பாஸ்போர்ட் வந்த வாரத்தில் ஏஜெண்ட் வைத்திலிங்கம் வீட்டு வாசலுக்கே வந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. ஒரு கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பொட்டலம், இன்னொரு கையில் கட்டிய நண்டு.

“சிங்கப்பூர் போறியாமே ராணிம்மா! நம்ம ஆளுதான், பரவால்ல. அங்க நம்ம பார்ட்டி ஒருத்தரு இருக்காரு. இந்தப் பொட்டலத்த குடுத்துடு. ரெண்டு கிலோதான். உள்ள என்னான்னெல்லாம் கேக்காத, மருந்து மாரி ஒண்ணு.” பிறகு நண்டை நீட்டினார். “இந்தா. ஆசப்பட்டியே. வச்சிக்க. காசெல்லாம் வேணாம்.”

கோவிந்தசாமி திடுக்கென்று எழுந்து நின்றான். “ஒண்ணேகா கிலோ இருக்குமே! ராணி, அதான் ஊடு தேடி வந்துடுச்சே. அறுவது டாலரு மிச்சம்!”

ராணியம்மாள் நண்டை வாங்கினாள். கட்டைவிரலால் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. இரண்டு கொடுக்கும் பொரி உருண்டை அளவுக்கு. ஒரு கீறல் இல்லை. இருபது வருஷத்தில் இப்படி ஆயிரம் நண்டை அவளே கட்டி அனுப்பியிருக்கிறாள். ஒன்றுகூட இந்த வாசப்படி ஏறியதில்லை. சுவாதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவிந்தசாமி அதற்குள் மிளகு இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

“என்னா ரேட்டுண்ணே?”

“அட, ஒங்கிட்ட ரேட்டா?”

“ரேட்டு சொல்லுங்க.”

“சும்மா வச்சிக்கன்றேன்.”

“காசு குடுத்துக் கேட்டப்ப எனக்கு எதுக்குன்னீங்க. இப்ப பொட்டலம் போவணும், அதனால சும்மா வருது.”  ஊக்கைப் பார்த்த அன்றைக்கு மாதிரி அவள் வாய் கொப்பளிக்கப் போகவில்லை. நண்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். “பெட்டியில போட்டு அனுப்புங்கண்ணே. போற எடத்துக்குப் போவட்டும். நான் அங்க வந்து வாங்கிக்கிறேன். பொட்டலத்துக்கு எடமில்ல. எனக்குக் குடுத்ததே இருவது கிலோ.”

வைத்திலிங்கத்தின் முகம் புளித்த பழையது மாதிரி ஆகிவிட்டது. “நாளையிலேர்ந்து வேலைக்கி வரணுமா, வேணாமா?”

“வருவேன். என்ன மாரி கட்டுறதுக்கு வேற ஆளு கெடைக்கிற வரைக்கும் வருவேன்.”

கிடைக்க மாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். ஒரு கையில் பொட்டலமும் ஒரு கையில் நண்டுமாக, வேட்டியை மடித்துக் கட்டக் கை இல்லாமல், தெருச் சேற்றில் நுனி புரளப் போனார்.

கோவிந்தசாமி தெருமுனை வரைக்கும் அந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தத்தில் சாவு விழுந்தால்கூட அவன் இப்படிப் பார்த்ததில்லை. அப்புறம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஏ ராணி. அங்க ஒரு நண்டுன்னா, ஒரு ஆளுதான் திங்கணுமா?”

ராணியம்மாள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். கிழிந்த கைலி, மூன்று நாள் தாடி, முந்தாநாள் பிராந்தி நாற்றம். முகத்தைச் சுளித்துக்கொண்டாள். சுளித்தபடியே சொன்னாள்.

“தின்னுட்டு நண்டு ஓட்ட கழுவாம எடுத்தாறேன். அந்த மசாலாவோட. மோந்து பாத்துக்க.”

கோவிந்தசாமி யோசித்தான். சரி என்று தலையாட்டினான்.