மாமா வாயில் போட்ட நாலு பவுன்

தங்கம் வாங்க வேண்டுமானால் நீங்களே கடைக்குப் போங்கள். கண் முன்னால் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள், தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். தம்பியை மட்டும் அனுப்பாதீர்கள். அதுவும் என் சின்ன மாமாவைப் போல யோசிக்கிற தம்பியை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா சம்பளத்தைக் கள்ளுக்கடையில் கொட்டிவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். அம்மாவின் கம்மலும் அந்தக் கடைக்குத்தான் போனது. கோழி வளர்த்து, முட்டை விற்று, அம்மா அவருக்குத் தெரியாமல் இரண்டு வருடம் பணம் சேர்த்தாள். நாலு பவுன் இருந்தால் அவளும் நானும் பினாங்கில் கப்பல் ஏறி, சொந்த ஊரில் இருக்கும் பெரிய மாமா வீட்டுக்குப் போய்விடலாம். நோட்டாக வைத்தால் அப்பா மோப்பம் பிடித்துவிடுவார். பவுன் காசை ரவிக்கைக்குள் தைத்துக்கொள்ளலாம்.

"நகை வேணாம்டா தம்பி, செய்கூலின்னு புடுங்குவான். காசாவே வாங்கிட்டு வா" என்று அம்மா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். பத்துத் தடவையும் மாமா தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பணத்தோடு ஈப்போ போனவர் உதடு வீங்கித் திரும்பி வந்தார். வாயைத் திறந்தார். மேல்வரிசையில் நாலு பல் பளபளவென்று மின்னியது.

"காசு எங்கடா?"

"இதுதாங்க்கா. ரவிக்கையில தைச்சா மச்சான் கண்டுபிடிச்சிருவாரு, மண்ணுல பொதைச்சா கோழி கிளறிரும். என் வாயில கெடந்தா எவன் எடுப்பான், சொல்லு?"

"சோறு திங்கிற வாயிலயாடா எங்க கப்பலை ஏத்தி வெச்சிருக்கே?"

"வேணுங்கிறப்ப கழட்டித் தாரேன்லா."

நல்ல பல் நாலையும் அரத்தால் ராவச் சொல்லி, சீனப் பல் வைத்தியனுக்குப் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்த மனிதர் சொல்கிற பேச்சு இது. லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவர் வாயைப் பார்த்தார்கள். முட்டாள்தனத்துக்கு இந்த மண்ணில் எப்போதும் கூட்டம் கூடும். நானும்தான் முதல் ஆளாக நின்றேன்.

அடுத்த ஞாயிறு, தம்பிக்குப் பல்வலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா எங்கள் இருவரையும் ஈப்போவுக்கு இழுத்துப் போனாள். நகைக்கடைப் பத்தர் மாமாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். கம்பியால் தட்டினார்.

"தாயி, இது பவுன் இல்ல, பவுன் தோலு. உரிச்சா ஒரு மூக்குத்தி தேறும். உள்ள இருக்கிறது அரைப் பல்லு, கூச்சத்துல தண்ணி குடிக்க முடியாது."

மாமாவின் கண் கலங்கியது. "பரவால்ல, உரிங்க பத்தரே" என்று வாயைப் பிளந்தார். பத்தர் குறடைத் தேடினார்.

"மூடுடா வாயை" என்றாள் அம்மா.

திரும்பும் ரயிலில் மாமா எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் கப்பல் என்றாலே பயம். லயத்துப் பிள்ளைகளை விட்டுப் போகவும் மனமில்லை.

"அப்ப நாம ஊருக்குப் போவலையாம்மா?"

"போவலை."

நான் கை தட்டினேன். அம்மா என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு, கன்றிப்போன தோளைச் சேலையால் இழுத்து மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். அவள் உடம்பு நடுங்கியது. அந்த மத்தியான வெயிலில் அம்மாவுக்குக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து, நான் எழுந்து சன்னலை மூடினேன்.