மொட்டைத் தலைக்கு எண்ணெய் விற்றவர்

இடது கன்னம் முடிந்து, வலது கன்னத்தில் நுரை ஏறியிருந்த நேரத்தில் செய்தி வந்தது. "ஆதிமூலம் ஐயா போயிட்டாராம்" என்று சவரக்கடை வாசலில் நின்று ஒருவர் சொன்னார். கடைக்காரர் ஏழுமலை கத்தியை மடித்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். செய்தி அடுத்த சவரக்கடைக்கும் போயிருக்க வேண்டும். துக்க வீட்டில் பாதி முகம் மழித்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக்கூடியவர் படுத்திருந்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப்பட்டணம் காலியான வருஷத்தில், மனைவியோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு வந்து இறங்கியவர் அவர். பட்டணத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். தலையில் பெயருக்குக்கூட முடி கிடையாது. பட்டணத்தில் அதற்கு வழுக்கை என்று பெயர். இங்கே அதை வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டு, வழியில் நிறுத்தி மோர் கொடுத்தார்கள். "இந்த ஊர் எனக்கு ரொம்ப சௌகரியமா இருக்குது சார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மலையடிவாரத்தில் இருக்கும் என் அச்சுக்கூடத்துக்கு, பிழை திருத்தும் வேலை கேட்டு அவர் வந்தார். அந்த நேரத்தில் திருவாலங்காட்டு முனிரத்தினம்மாளும் அங்கே இருந்தார். கணவர் காலமான பின், தானே காய்ச்சிய தலைத் தைலத்தை மலைப்படிக்கு அருகே ஒரு சிறிய கடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். விற்றுக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருகிற கூட்டமெல்லாம் முடியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. போதாததற்கு, எதிர்க்கடையில் பட்டணத்துக் கம்பெனி ஒன்றின் எண்ணெய்க்குக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பெண் கணுக்கால்வரை கூந்தலை விரித்து நின்றாள். மொட்டைத் தலைகள் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தப் புட்டியை வாங்கிப் போயின.

முனிரத்தினம்மாள் 'பாவா' என்று அழைக்கும் கோதண்டம் அவர் கணவருக்கு அண்ணன். "ஆடிக் கிருத்திகைக்குள்ள ஓடலன்னா கடைய மூடிட்டு வூட்டுக்கு வந்து சேரு" என்று சொல்லிவிட்டார்.

"பாவா வூட்ல சோத்துக்குக் குறையில்லீங்க" என்றார் முனிரத்தினம்மாள். "ஆனா சாவற வரிக்கும் ஆக்கிப் போட்டுகினு கிடக்கணும்."

அவர் கொண்டுவந்த நோட்டீஸைப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் செய்யுளாக இயற்றியிருந்தார். பன்னிரண்டு அடிகள். சரக்கின் பெயர் பதினொன்றாவது அடியில் தலைகாட்டியது: ஸ்ரீ கேசாபிவிருத்தி மகா சுகந்த தைலம். ஆதிமூலம் அதை உரக்கப் படித்தார்.

"இன்னாம்மா இது? பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள முடி நரைச்சுடுமே! இந்த எண்ணெய முதல்ல யாருக்குக் காய்ச்சினீங்க?"

"எம் பொண்ணுக்குங்க. அதுல இன்னா கீது சொல்ல?"

"அதைத்தாம்மா சொல்லணும்."

முனிரத்தினம்மாள் சொன்னார். நடுவில் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை ஏன் இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல?" என்று ஆதிமூலம் கேட்டதற்கு, "யாரும் கேக்கலீங்க" என்றார்.

யுத்தகாலம். உள்ளங்கை அகலத்துக்குத்தான் காகிதம் கிடைத்தது. தமிழ் உரைநடைக்குக் காகிதப் பஞ்சம் செய்த உபகாரத்தை எந்தச் சங்கமும் செய்ததில்லை என்பது என் துணிபு. ஆதிமூலம் எழுதியது இவ்வளவுதான்:

"என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பிழைத்தால் முடி தருவதாக முருகனிடம் சொன்னேன். பிழைத்தாள், கொடுத்தேன். மலை இறங்கும்போது தலை எரிகிறது என்று அழுதாள். அன்று அவளுக்காகக் காய்ச்சிய எண்ணெய் இது. முடி வளரும். இது இல்லாமலும் வளரும். இதைத் தடவினால் குளிர்ச்சியாக, வாசனையாக வளரும். தலையில் முதல் சீப்பு படும் நாள்வரை ஒரு புட்டி போதும்."

பெயரும் 'முதல் சீப்பு எண்ணெய்' என்று மாறியது. பண்டிதர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த மாதத்தில் என் வேலை நன்றாக நடந்தது.

"இது இல்லாமலும் வளரும்னு கடைக்காரங்களே சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"ஒரு நெசத்தை முன்னால வெச்சுட்டா, மிச்சத்தை நம்ப ஜனங்க தயாரா இருப்பாங்க சார்."

என் பங்குக்கு 'உலகப் புகழ் பெற்ற' என்று சேர்க்கப் பார்த்தேன். "எந்த உலகம் சார்? அரக்கோணம் தாண்டியிருக்குதா?" என்று கேட்டு, அதை அடித்துவிட்டார்.

துண்டு நோட்டீஸ்களை அவர் தெருவில் இறைக்கவில்லை. மொட்டை அடிப்பவர்களிடம் கொடுத்து, மழித்து முடித்த பிறகே தரவேண்டும் என்று சொல்லிவைத்தார். "எழுந்ததும் தலையத் தடவிப் பாப்பாங்க. அதான் நம்ம நேரம்."

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகள் மலையேறின, சந்தனம் பூசிய தலைகள் இறங்கின. முனிரத்தினம்மாளின் கடைமுன், கையில் துண்டு நோட்டீஸோடு கூட்டம் நின்றது. அதன் நடுவே கோதண்டம் வந்து நின்று, ஆதிமூலத்தைச் சுட்டிக்காட்டிக் கூவினார்.

"யோவ், எல்லாரும் பாருங்கய்யா! இந்தாளு வேண்டிக்கினு மொட்டை போட்டவன் இல்ல. பொறந்த வழுக்கை! உந்தலையில ஒண்ணு மொளைக்கல, நீ ஊருக்கு எண்ணெய் விக்கிறியா?"

நீட்டியிருந்த கைகள் பின்வாங்கின. முனிரத்தினம்மாள் புட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ஆதிமூலம் கல்லாவுக்கு அருகில் இருந்த ஸ்டூலின்மேல் ஏறி, எல்லோரும் பார்க்கும்படி தலையைக் குனிந்து காட்டினார்.

"ஆங், வழுக்கைதான். நல்லாப் பாத்துக்கோங்க. உங்க தலையில முடி கீது, வரும். எனக்கு இல்ல, வராது. இந்த எண்ணெய் போட்டா எனக்கும் முளைக்கும்னு இந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இதுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். எதிர்க்கடையில கேட்டுப் பாருங்க. எனக்கும் கணுக்கால் வரிக்கும் வளரும்னு சொல்லுவாங்க!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் காவடி மணிகள் கேட்கவில்லை. "எனக்கு ரெண்டு குடும்மா" என்றது ஒரு குரல். "தள்ளுய்யா, கொழந்த தலை எரியுதுன்றான்" என்றது இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் கடையில் ஒரு புட்டியும் இல்லை. கோதண்டம் அடுத்த கிருத்திகைக்குப் பேரனை மொட்டைத் தலையோடு தோளில் தூக்கிவந்து, வரிசையில் நின்று வாங்கிப் போனார்.

பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். குண்டுப் பயம் தீர்ந்து பட்டணம் திரும்பியவர்கள் புட்டியையும் கொண்டுபோனார்கள். ரேணிகுண்டாவிலிருந்து தெலுங்கில் நோட்டீஸ் கேட்டு ஆள் வந்தது. எதிர்க்கடைக் காலண்டரில் கூந்தல்காரி மறைந்து, மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை சிரித்தது. பட்டணத்துக் கம்பெனி தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை அது.

ஆதிமூலத்துக்கு வேலை இன்னும் நிறைய வந்தது. எழுதித் தருமுன் சரக்கைத் தானே வாங்கிப் பயன்படுத்திப் பார்ப்பார். பல்பொடிக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பியபோது, "இதுக்கு என்கிட்ட கதை இல்லீங்க. பொடிய மாத்துங்க, கதை தானா வரும்" என்றார்.

அவரைத் தகனம் செய்துவிட்டு நாங்கள் திரும்பிய அன்று கிருத்திகை. கடைத்தெரு முழுவதும் அவருக்காகப் பாதிக் கதவைச் சாத்தியிருந்தது. முனிரத்தினம்மாளின் கடை மட்டும் முழுவதும் திறந்திருந்தது. கோதண்டம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு நாளைக்கு மூடக்கூடாதாம்மா?"

"மூடறதுக்கா பாவா அவரு எழுதனாரு?" என்று சொல்லிவிட்டு, கண்ணீரைத் துடைக்காமலேயே அடுத்த ஆளுக்குப் புட்டியை நீட்டினார்.

பொய் சொல்லாமல் ஒரு கடையைத் திறந்து வைத்திருக்க முடியும் என்பதே ஆதிமூலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது. வியாபாரிகள் இதை நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு நடை திருத்தணிக்கு வந்து பார்க்கலாம்.