இபு சுலாஸ்த்ரியின் புல்லெண்ணெய்

குளியல் தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்து, டார்ச் வெளிச்சத்தை நீருக்குள் சாய்த்துப் பிடிப்பார். மூச்சுப் பட்டு நீர் அசையாதிருக்க முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஒரு புழு நெளிந்து மேலே வந்து, நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும். "வந்துட்டியா கழுத" என்பார், கோபமில்லாமல்.

இந்தோனேசியாவின் செமாராங்கில் எங்கள் சந்துக்குக் கொசுப்புழு பார்க்கும் தொண்டர் இபு சுலாஸ்த்ரி; 'இபு' என்றால் எங்கள் ஊரில் 'அம்மா'. வெள்ளிதோறும் முப்பத்திரண்டு வீடு. புழுவைக் கொல்லும் அரசாங்கப் பொடி சில மாதம் வரும், பல மாதம் வராது. அதனால் பழைய பிரஷர் குக்கரில் செப்புக்குழாயைச் செருகி, எலுமிச்சைப்புல்லைக் காய்ச்சித் தானே எண்ணெய் இறக்கினார். தொட்டிக்கு ஒரு மூடி அளவு ஊற்றுவார்.

"உங்க எண்ணெயில குளிச்சு என் பொண்டாட்டி சூப்பு மாதிரி மணக்குறா, இபு" என்பார் பக்கத்து வீட்டு விர்யோ.

"அப்ப உப்பும் போட்டுக்க."

எல்லா வீட்டிலும் சிரிப்பு, நன்றி, தேநீர், வறுத்த சோயாத் தெம்பே.

ஆனால் அடுத்த வெள்ளி தொட்டிகளில் புழு நெளியும். இபு தன் சமையலறையில் எண்ணெயைச் சோதித்துப் பார்க்கும் கிண்ணத்தில் மட்டும் ஒன்று மிஞ்சாமல் செத்துக் கிடக்கும். "நீயும் பாத்தேல்ல தம்பி? என் கிண்ணத்துல சாகுது. ஊர்த் தொட்டியில சாக மாட்டேங்குதே!" என்பார் என்னிடம். புல்லை இரட்டிப்பாக்கினார். நாரத்தைத் தோல் சேர்த்தார். ஆவி பட்டு முன்கை கொப்பளித்தது.

ஜனவரி மழையில் சந்தில் நான்கு குழந்தைகளுக்கு டெங்குக் காய்ச்சல். மூன்று பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார்கள். ஆறு வயது லிந்தாங் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து லிந்தாங்கின் தாய் இபுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால ஆனத செஞ்சீங்க, இபு." அதற்குப் பதில் அவள் திட்டியே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தவர் மிச்சமிருந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினார். "சத்தில்லாத எண்ணெய். புள்ளைய நாந்தான் கொன்னேன்" என்றார். செப்புக்குழாயை முழங்காலில் வைத்து வளைத்தார். அது ஒடியவில்லை. வளைத்துக்கொண்டே இருந்தார். 

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவும் தொட்டி நீரில் எண்ணெய் மிதக்கக் கூடாதென்று, இபு வாசலைத் தாண்டியதும் ஒவ்வொரு வீட்டிலும் மேல்நீரை மொண்டு கொட்டியிருக்கிறார்கள். லிந்தாங் வீட்டிலும்தான். எங்கள் வீட்டில் மொண்டது அம்மா.

"வேணாம்னு மொகத்துக்கு நேரா சொன்னா, அவங்க மனசு நோகுமேடா" என்றாள்.