மீதமிருந்த பத்து மாத்திரைகள்

கவிதா, செல்வம், உங்கள் தம்பி போனதற்கு நீங்கள் காரணம் இல்லை. அதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒன்றரை வயதில் அவனுக்குப் பேதி வந்தபோது, ஊர் நர்ஸம்மா உப்பு சர்க்கரைப் பொடியும் பதினான்கு ஜிங்க் மாத்திரைகளும் தந்தார். தினம் ஒன்றைக் கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தது நீதான், கவிதா. நான்காம் நாள் பேதி நின்றது. ஒரகடம் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைக்கும் அதே பேதி. மீதியை அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

"யப்பா, பதினாலு நாளும் குடுக்கணும்னு அந்தம்மா சொல்லிச்சே!" என்றாய்.

"அதான் நின்னுபோச்சே, இன்னும் இன்னாத்துக்கு? பெரிய டாக்டரு இவ!" என்று சிரித்தேன்.

அடுத்த மாதம் பேதி மறுபடி வந்தது. நான் ஓ.டி.யில், கூடுதல் நேர வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவன் உடம்பில் தண்ணீரே இல்லை.

"முழுசா குடுத்திருந்தா திரும்ப வராம இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதுண்ணா," என்றார் நர்ஸம்மா. "அந்தப் பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கும் கேட்டிருந்தா தனியா குடுத்திருப்பேனே. ஊர்க் கொழந்தைங்க பேர எழுதி வெக்கிற எங்க நோட்டுல அது பேரே இல்லியே."

இப்போதெல்லாம் உங்களுக்கு எந்த மாத்திரை தந்தாலும் கடைசி நாள்வரை கொடுக்கிறேன். அதனால் தம்பி வரப்போவதில்லை.

அவனுக்குப் பால் ஊற்றிய மறுநாள், பக்கத்து வீட்டுக் குழந்தையை நோட்டில் சேர்க்கச் சொல்லித் தனியாகப் போனேன். "கொழந்த பேரு இன்னா?" என்றார் நர்ஸம்மா. எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து கேட்டுக்கொண்டு, மறுபடியும் நடந்துபோய் எழுதவைத்தேன்.