ஜன்னல் இடுக்கில் வந்த பூச்சி

என் அண்ணன் தச்சர். மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவார். அந்தச் சாமர்த்தியம் மனுஷர்களிடம் மட்டும் எடுபடாது. கரையானோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். அதனால் ஆறு கால் உள்ள எதுவும் அவருக்கு ஜென்ம விரோதி.

அண்ணி காலமான பிறகு, பேத்தி பிறந்தபோதுதான் அந்த வீட்டுக்கு உயிர் வந்தது. தேக்கில் ஒரு தொட்டில் செய்தார். குழந்தையின் கையில் சிராய் குத்திவிடக் கூடாதே என்று விளிம்பைத் தடவித் தடவி இழைத்தார். அந்த முசுடு தனியாகச் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

குளிர் தொடங்கியதும் குழந்தையின் அறைக்குள் நாற்றப்பூச்சிகள் வந்தன. தட்டையான, பழுப்பு நிறப் பூச்சி. நசுக்கினால் அறையே நாறும். அண்ணன் மருமகள் மேல் பாய்ந்தார்.

"ஒழுங்கா கூட்டிப் பெருக்கினா இதெல்லாம் ஏன் வருது? குழந்தையக் கடிச்சா என்ன பண்ணுவ?"

"ரெண்டு வேளையும் பெருக்குறேன் மாமா. இது கடிக்கிற பூச்சி மாதிரி தெரியலையே."

"எனக்கே பாடமா? விட்டா தொட்டிலையே அரிச்சிடும்."

அரிக்குமாம்! மரத்தில் வாயே வைக்காத பூச்சி அது. அவரிடம் யார் சொல்வது? மறுநாள் மருமகள் குழந்தையோடு கடைக்குப் போன நேரம் பார்த்து, பட்டறையில் கரையானுக்கு வைத்திருந்த மருந்தை அறை முழுக்க அடித்துவிட்டார், தொட்டிலுக்கு அடியிலும் சேர்த்து. சாயங்காலமே குழந்தைக்குக் கண் சிவந்து மூச்சு இழுத்தது.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அது கடிக்காது, நோயும் பரப்பாது. நசுக்காம எடுத்து வெளிய போட்டிருந்தா போதும். நீங்க அடிச்ச மருந்துதாங்க குழந்தைக்கு ஆகல."

நல்லவேளை, குழந்தை தேறிவிட்டது. அன்றே அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? "வீடு சுத்தமா இருந்திருந்தா நான் ஏன் மருந்தடிக்கப் போறேன்?" என்றார். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகனும் பின்னாலேயே போய் அந்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டான். அதற்குப் பிறகு போக்குவரத்தும் இல்லை, பேச்சும் இல்லை.

அடுத்த குளிருக்கும் பூச்சி வந்தது. இவரே இரண்டு வேளையும் பெருக்கினார், அப்போதும் வந்தது. எந்த வழியாக வருகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. அவர் கையால் மாட்டிய ஜன்னல். ஊரார் வேலை முடியட்டும், அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று விட்ட இடுக்கு.

"நானே வழி விட்டுட்டு அவளைப் போய்த் திட்டினேனே" என்று என்னிடம் அழுதார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? அவளுக்குப் போனைப் போடுங்கண்ணே" என்றேன்.

கேட்டாரா? முதலில் இடுக்கை அடைத்தார். தொட்டிலைக் கழுவி, காயவைத்து, திரும்ப இழைத்தார். எல்லாம் முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"தப்பு என்னுதும்மா. ஜன்னலைச் சரி பண்ணிட்டேன். தொட்டிலும் தயாரா இருக்கு. பேத்தியக் கூட்டிட்டு வாம்மா."

மருமகள் கோபமில்லாமல்தான் சொன்னாள்: "அவ தொட்டில்ல தூங்குறதில்ல மாமா. வீடு பூரா நடக்குறா."

அண்ணன் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்குறாளா? எப்பலேருந்தும்மா?"